92 கிலோ, 41 வயது, சர்க்கரை எல்லைக்கோட்டில்: ஜிம்மில் எதிலிருந்து தொடங்குவது?

உறையூர்க்காரன்

வணக்கம் நண்பர்களே. திருச்சியில் வங்கி வேலை. வயது 41, உயரம் 170 செ.மீ., எடை 92 கிலோ. காலையில் உட்கார்ந்தால் மாலை வரை நாற்காலிதான். அலுவலக மருத்துவப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.1 என்று வந்திருக்கிறது. ரத்த அழுத்தம் 134/86. மாத்திரை இப்போது வேண்டாம், எடையைக் குறைத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவுக்குச் சர்க்கரையால் பார்வை பாதிக்கப்பட்டது. அதைக் கூடவே இருந்து பார்த்தவன் என்பதால் இந்த மூன்று மாதத்தை வீணாக்க மனமில்லை.

வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஜிம் இருக்கிறது. மாதம் 1,200 ரூபாய், வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 9,000. அங்கே உள்ள மாஸ்டர், முதல் இரண்டு மாதம் டிரெட்மில்லும் சைக்கிளும் மட்டும்தான், தொப்பை கரைந்த பிறகு வெயிட் தூக்கலாம் என்கிறார். கூடவே 3,500 ரூபாய்க்கு ஒரு ஃபேட் பர்னர் டப்பாவும் வாங்கச் சொல்கிறார். இது சரியா? வலது முழங்காலில் மாடிப்படி இறங்கும்போது லேசான வலி உண்டு. மனைவிக்கு பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை), அவரும் சேர்ந்து வர விரும்புகிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காவிரிக்கரை நடை

ஜிம்மே தேவையில்லை சார். காலையில் ஒரு மணி நேரம் வேகமாக நடங்கள், ராத்திரி சாப்பாட்டைக் குறையுங்கள். காசு செலவில்லாமல் குறையும். எங்கள் நடைக்குழுவில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர்.

தண்டால் மதுரை

நடை நல்லதுதான், அதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் உறையூர் சாருக்கு அது மட்டும் போதாது.

உணவைக் குறைத்து எடையை இறக்கும்போது கொழுப்பு மட்டும் தனியாகப் போவதில்லை. பயிற்சி எதுவும் செய்யாமல் பட்டினியில் குறைத்தால், போகிற எடையில் கால் பங்கு வரை தசையாகவும் மற்ற கொழுப்பில்லாத பகுதியாகவும் போய்விடும். நாற்பது வயதுக்கு மேல் போன தசையைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பவருக்கு இது இன்னும் பெரிய நஷ்டம். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது தசைதான். தசை வேலை செய்யும்போது இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே சர்க்கரையை உள்ளே இழுக்கிறது. அந்தத் தசையை இழந்துவிட்டு 80 கிலோவுக்கு வந்தால் எடைக் கருவி காட்டும் எண் அழகாக இருக்கும், ஆனால் உடம்புக்குப் பாதிப் பலன்தான்.

அதனால் 'தொப்பை கரைந்த பிறகு வெயிட்' என்ற வரிசை தலைகீழ். முதல் நாளிலிருந்தே வெயிட் வேண்டும், லேசான எடையில். வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து வயிற்றுக் கொழுப்பைக் கரைக்கவும் முடியாது. எங்கிருந்து குறைய வேண்டும் என்பதை உடம்பு தானே முடிவு செய்கிறது.

டிரெட்மில்லை நம்பி எடை குறைக்க நினைப்பவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். உங்கள் எடைக்கு அரை மணி நேர வேக நடையில் சுமார் 200 கலோரி செலவாகும். டீக்கடையில் ஒரு வடையும் சர்க்கரை போட்ட டீயும் அதை ஈடுகட்டிவிடும். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. ஆகவே எடை குறைவது பெரும்பாலும் அடுப்படியில்தான். ஜிம் அந்தக் குறைப்பில் தசை போகாமல் காக்கிறது, பலம் கூட்டுகிறது, இதயத்தையும் நுரையீரலையும் பழக்குகிறது. இந்த இரண்டு வேலையையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் இரண்டாவது மாதத்தில் ஜிம்மை விட்டு ஓடுகிறார்கள்.

ஃபேட் பர்னரைத் தொடவே தொடாதீர்கள். அந்த டப்பாக்களில் வேலை செய்கிற பொருள் பெரும்பாலும் காஃபீன். ஏற்கெனவே 134/86 உள்ளவருக்கு அதைக் கொடுப்பது பொறுப்பில்லாத காரியம். ஆண்டுச் சந்தாவும் இப்போது வேண்டாம். மூன்று மாதத்துக்குக் கட்டுங்கள், இடம் பிடித்திருந்தால் பிறகு பார்க்கலாம்.

காவிரிக்கரை நடை

தண்டால் சார், நடையை அவ்வளவு லேசாகச் சொல்லிவிட வேண்டாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளிவந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரைச் சுமார் இரண்டரை வருடம் கவனித்தார்கள். உணவுக் கட்டுப்பாட்டோடு தினமும் அரை மணி நேர நடையும் சேர்த்த பிரிவில், சர்க்கரை நோயாக மாறும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்த பிரிவிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஜிம் இல்லாமல் கிடைத்த பலன் இது.

தண்டால் மதுரை

ஏற்றுக்கொள்கிறேன். அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் உண்டு: அந்தப் பிரிவினருக்கு எடை சொல்லும்படியாகக் குறையவில்லை, ஆனாலும் அபாயம் குறைந்தது. என் கட்சிக்கும் அது சாதகம்தான். எடைக் கருவியை மட்டும் பார்த்து முயற்சியை மதிப்பிடக் கூடாது. 2002-இல் வந்த அமெரிக்க ஆய்வில் 7 சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிடப் பயிற்சியும் இலக்கு, அங்கே அபாயம் 58 சதவீதம் குறைந்தது. உறையூர் சாருக்கு 7 சதவீதம் என்றால் ஆறரை கிலோ. முதல் இலக்காக அதை வைத்துக்கொள்ளலாம்.

நடையும் இருக்கட்டும், வெயிட்டும் இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி.

பிசியோ தாம்பரம்

பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன், சற்று நீளமாக இருக்கும்.

உறையூர் சார், சேரும் முன் மறுபடி ஒருமுறை டாக்டரைப் பார்த்து, கனமான எடை தூக்கலாமா என்று நேரடியாகக் கேளுங்கள். குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தாலோ, படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம் அல்லது தாடை, இடது கையில் வலி வந்தாலோ மறைக்காமல் சொல்ல வேண்டும். கூடவே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது, தசைப் பயிற்சியோடு உணவில் புரதத்தையும் கூட்டப் போகிறீர்கள் அல்லவா? இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: கிளிமெப்பிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், அளவை டாக்டரிடம் பேசாமல் ஜிம்முக்குப் போகாதீர்கள். பயிற்சியின் நடுவிலோ, சில மணி நேரம் கழித்தோ சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம்.

முழங்கால். படி இறங்கும்போது மட்டும் வருகிற லேசான வலி பெரும்பாலும் தொடை முன்தசையும் இடுப்புத் தசையும் பலவீனமாக இருப்பதால் வருவது. வீக்கம், மூட்டு பூட்டிக்கொள்வது, திடீரென்று கால் மடங்குவது இவை இல்லையென்றால் பயிற்சிதான் இதற்கு மருந்து. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலிருந்து ஆரம்பியுங்கள். வலி பத்துக்கு மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலையில் அடங்கிவிட்டால் தொடரலாம். அதைத் தாண்டினால் ஆழத்தைக் குறையுங்கள், பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. டிரெட்மில்லில் ஓட வேண்டாம், சற்றே சரிவு வைத்து நடந்தால் போதும்.

அடுத்தது முக்கியம். முதல் நாளே ஆளை வறுத்தெடுத்து அனுப்புகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. முந்நூறு பஸ்கி, வாந்தி வரும் வரை ஸ்பின்னிங் சைக்கிள். பழக்கமில்லாத உடம்பில் இது தசை நார்களைச் சிதைத்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். தசை தாங்க முடியாமல் வீங்கி வலித்து, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சாதாரண உடல்வலி அப்படியல்ல. அது மறுநாள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக அடங்கும். வலி வந்தால்தான் பயிற்சி நடந்ததாக அர்த்தம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

எடை தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், ரத்த அழுத்தம் எகிறும். தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள்.

உறையூர்க்காரன்

மிக்க நன்றி. எதை எத்தனை முறை செய்ய வேண்டும் என்று சொன்னால் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய்விடுவேன். எனக்கு ஜிம்மில் எந்தக் கருவிக்கு என்ன பெயர் என்றுகூடத் தெரியாது.

தண்டால் மதுரை

வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுக்கு ஒரு நாள், கைக்கு ஒரு நாள் என்று பிரிப்பது இப்போது வேண்டாம், மூன்று நாளும் முழு உடம்பு.

ஐந்து நிமிட நடை, மூட்டுகளைச் சுழற்றி வார்ம் அப். பிறகு ஒரு டம்பெல்லை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பின்னால் ஒரு பெஞ்சை வைத்து, அதில் தொட்டு எழும் பஸ்கி. அடுத்து லாட் புல்டவுன், அதாவது மேலிருந்து கம்பியை மார்புக்கு இழுப்பது. பிறகு செஸ்ட் பிரஸ் கருவி, உட்கார்ந்து முன்னே தள்ளுவது. அப்புறம் சீட்டட் ரோ, உட்கார்ந்தபடி கைப்பிடியை வயிற்றுப் பக்கம் இழுப்பது. நாற்காலி வேலை செய்பவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை, கூன் விழுந்த முதுகு நிமிரும். கடைசியாக டம்பெல்லைத் தொடையோடு ஒட்டி இறக்கி இடுப்பை மடிக்கும் டெட்லிஃப்ட். இதை மட்டும் மாஸ்டர் பக்கத்தில் நின்று பார்க்கும்போது செய்யுங்கள், முதுகு வளையக் கூடாது. முடிவில் பிளாங்க், அதாவது முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது.

முதல் இரண்டு வாரம் ஒவ்வொன்றும் இரண்டு செட், பிறகு மூன்று. ஒரு செட்டுக்கு 10 முதல் 12 ரெப், அதாவது ஓய்வில்லாமல் தொடர்ந்து 10 முதல் 12 முறை. செட் முடியும்போது இன்னும் இரண்டு மூன்று ரெப் செய்ய முடியும் என்று தோன்றுகிற எடைதான் சரியான எடை. நடுவில் ஒன்றரை நிமிடம் ஓய்வு. எல்லா செட்டிலும் 12 வந்துவிட்டால் அடுத்த முறை ஒரு படி ஏற்றுங்கள். எழுதி வைக்க வேண்டும், கட்டாயம். ஏற்றாமல் அதே ஐந்து கிலோ டம்பெல்லை ஆறு மாதம் ஆட்டிக்கொண்டிருந்தால் உடம்பு மாறுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

வெயிட் முடிந்ததும் 15 நிமிடம் சரிவு நடை, பேச முடிய வேண்டும், பாட முடியாத வேகம். மற்ற நாட்களில் காவிரிக்கரை சார் சொன்ன நடை. முடிந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் வங்கியைச் சுற்றி நடந்துவிட்டு வாருங்கள், உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அந்தப் பத்து நிமிடமே கொஞ்சம் மட்டுப்படுத்தும்.

கீட்டோ ஓசூர்

இதெல்லாம் சுற்று வழி. சோறு, இட்லி, தோசையை அடியோடு நிறுத்துங்கள். முதல் வாரத்திலேயே மூன்று கிலோ இறங்கும். நான் பார்த்தவர்கள் எல்லோருக்கும் வேலை செய்திருக்கிறது.

பிசியோ தாம்பரம்

முதல் வாரத்தில் இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர் சகோ. உடம்பு சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜனின் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கிறது. மாவுச்சத்தை நிறுத்தினால் அந்தத் தண்ணீர் வெளியேறும், திரும்பச் சாப்பிட்டால் திரும்ப வரும். மாவுச்சத்தைக் குறைப்பது நம் ஊருக்குத் தேவையான அறிவுரைதான். 2025-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதம் 12 சதவீதம்தான். அந்த விகிதத்தை மாற்ற வேண்டும். ஆனால் வீட்டில் எல்லோரும் சோறு சாப்பிடும்போது ஒருவர் மட்டும் எத்தனை வருடம் தனித்து நிற்க முடியும்?

ஈரோடு மஞ்சள்

சாப்பாட்டைப் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் வீட்டில் மாமியார், பிள்ளைகள், நான் எல்லோரும் சாப்பிடும் ஒரே சமையலில் செய்துகொண்ட மாற்றம். சோறு பாதி. பொரியலும் கூட்டும் இரண்டு பங்கு, அதுவும் முதலில். ஐந்து இட்லிக்குப் பதில் மூன்று, கூடவே இரண்டு அவித்த முட்டை. மாலை பஜ்ஜி, மிக்சருக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், அதில் 14 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. தாளிக்கும் எண்ணெயைக் கையோட்டமாக ஊற்றாமல் ஸ்பூனில் அளந்து ஊற்றுகிறேன், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரிக்கு மேல். டீயில் சர்க்கரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியாயிற்று.

உறையூர் அண்ணா, அண்ணியைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். எனக்கும் பிசிஓடி. வெயிட் தூக்கினால் ஆண்பிள்ளை மாதிரி உடம்பு ஆகிவிடும் என்று அவரிடம் நிச்சயம் யாராவது சொல்வார்கள். அது நடக்காது. பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஆண்களின் அளவில் சிறு பங்குதான், பிசிஓடியில் கொஞ்சம் கூடினாலும் ஆண்களின் அளவுக்குப் பக்கத்தில்கூடப் போகாது. பிசிஓடியின் அடியில் பெரும்பாலும் இருப்பது இன்சுலின் சரியாக வேலை செய்யாத சிக்கல். அதற்குத் தசைப் பயிற்சி நேரடியாக உதவுகிறது. எனக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வந்தது எடை பெரிதாகக் குறைவதற்கு முன்பே.

பெண்கள் நேரம் தனியாக இருக்கிறதா, உடை மாற்ற இடம் இருக்கிறதா, பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா என்று முதலில் போய்ப் பாருங்கள். கருவியைப் பிடித்துக் காட்டுகிறேன் என்று தேவையில்லாமல் தொடுகிற இடமாக இருந்தால் வேறு ஜிம் தேடுங்கள், அதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். இரும்புச்சத்தையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் இரண்டு செட்டிலேயே மூச்சு வாங்கும், அதைச் சோம்பல் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

ஓமலூர் ஒல்லி

இடையில் ஒரு சந்தேகம். நான் 62 கிலோதான், உயரம் 168. எல்லோரும் ஒல்லி என்கிறார்கள், ஆனால் தொப்பை மட்டும் இருக்கிறது. எனக்கு ஜிம் தேவையா?

பிசியோ தாம்பரம்

தேவை தம்பி. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண், ஒன்றுதான், 22.3. உடல் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இந்திய உடம்பில் பார்வைக்கு மெலிவும் உள்ளே கொழுப்பும் சேர்ந்து இருப்பது சகஜம். அதனால்தான் நமக்கு அதிக எடை என்ற எல்லை பிஎம்ஐ 25-இல் அல்ல, 23-லேயே தொடங்குகிறது. ஒரு டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் அளந்து பாருங்கள். பேன்ட் கட்டும் இடத்தில் அளந்தால் குறைத்துக் காட்டும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும். நீங்கள் எடையைக் குறைக்க வேண்டாம். புரதத்தைக் கூட்டி, தண்டால் சார் கொடுத்த அதே பயிற்சியைச் செய்யுங்கள்.

தண்டால் மதுரை

தம்பிக்கு இன்னொன்று. உங்கள் வயதுப் பையன்களைத்தான் 'ஒரு ஊசி போட்டால் மூன்று மாதத்தில் உடம்பு வந்துவிடும்' என்று பிடிப்பார்கள். ஸ்டீராய்டு அது. விதைப்பை சுருங்கும், குழந்தைப் பேறு பாதிக்கும், இதயத் தசை தடிக்கும். யார் கொடுத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

உறையூர்க்காரன்

ஐந்து வாரம் ஆகிறது, தகவல் சொல்ல வந்தேன். டாக்டர் சரி என்றார், கிரியாட்டினின் நார்மல். மாஸ்டரிடம் தாளைக் காட்டினேன். முதலில் முகம் சுளித்தார், பிறகு அவரே நின்று டெட்லிஃப்ட் சொல்லிக்கொடுக்கிறார், நல்ல மனிதர். மனைவியும் வருகிறார், காலை பெண்கள் நேரத்தில். முழங்கால் வலி படி இறங்கும்போது இப்போது தெரியவில்லை. இடுப்பளவு 108-லிருந்து 104.

ஆனால் எடை 90.4. முதல் இரண்டு வாரம் கொஞ்சம் ஏறவும் செய்தது. இவ்வளவு செய்தும் ஒன்றரை கிலோதானா என்று மனசு சோர்ந்து போகிறது. தவிர, புரட்டாசி பிறந்துவிட்டது. வீட்டில் முட்டைகூடக் கிடையாது. புரதத்துக்கு என்ன செய்ய?

தண்டால் மதுரை

இடுப்பில் நான்கு செ.மீ. போயிருக்கிறது சார்! எடை ஒன்றரை கிலோதான் குறைந்தது என்றால் கொழுப்பு அதைவிட அதிகமாகப் போய், தசையும் தண்ணீரும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. புதிதாகப் பயிற்சி தொடங்கினால் தசை தன்னைச் சரிசெய்துகொள்ள நீரைப் பிடித்துவைக்கும், முதல் வாரங்களில் ஏறியது அதுதான். இனி தினமும் எடை பார்க்காதீர்கள். வாரம் ஒருநாள், காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில். இடுப்பளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பஸ்கியில் எத்தனை கிலோவில் தொடங்கினீர்கள், இப்போது எத்தனை? அந்த எண்ணையும் பாருங்கள்.

உறையூர்க்காரன்

5 கிலோ டம்பெல்லில் தொடங்கினேன், இப்போது 14.

ஈரோடு மஞ்சள்

பிறகென்ன அண்ணா! புரட்டாசிக்கு எங்கள் வீட்டு வழி இதுதான். காலையில் பாசிப்பருப்பு அடை அல்லது பெசரட்டு, தொட்டுக்கொள்ளக் கெட்டிச் சாம்பார். மதியம் சோறு அதே பாதி, அதோடு மீல்மேக்கர் குழம்பு. காய்ந்த மீல்மேக்கர் 50 கிராம் போட்டால் 25 கிராமுக்குக் குறையாமல் புரதம் வரும். வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை பிழிந்துவிட்டுப் போட்டால் அந்த வாடை இருக்காது. ஒரு கிண்ணம் கெட்டித் தயிர். மாலை ஜிம்முக்கு முன் சுண்டல், ஒரு நாள் கொண்டைக்கடலை, ஒரு நாள் பச்சைப்பயறு, ஒரு நாள் தட்டைப்பயறு. இரவு இரண்டு சப்பாத்தியும் 100 கிராம் பன்னீர் போட்ட காய்கறிப் பொரியலும், பன்னீரில் 18 கிராம். வேர்க்கடலை ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள், அதில் எண்ணெய் அதிகம். உங்களுக்கு ஒரு நாளைக்கு 90 கிராம் என்று வைத்தால் இதிலேயே கிட்டத்தட்ட வந்துவிடும், புரோட்டீன் டப்பா வாங்கத் தேவையில்லை.

சனிக்கிழமை விரதம் இருப்பீர்களா? இருந்தால் அன்று நடை மட்டும் போதும், வெயிட்டை வெள்ளியோடு முடித்துக்கொள்ளுங்கள்.